பத்து மணிக்குப் பசியாறுகிறவருக்கு யார் பாடம் எழுதுவது?

மருத்துவர், தாதியர், மருத்துவ உதவியாளர், மருந்தாளர் ஆகியோரைப் பயிற்றுவிக்கும் கல்லூரிகளுக்கும், வேலையில் சேர்ந்தபின் அவர்களுக்குத் தொடர்பயிற்சி வகுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

நான் மருத்துவத் துறை ஆள் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வேலையைத் தொடங்கி, பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் ஓய்வு பெற்றவள். கெடாவில், பீடோங்கில் குடியிருக்கிறேன். உங்கள் விஷயத்தில் தலையிட எனக்கு இருக்கும் உரிமை ஒன்றுதான்: உங்கள் ஆட்கள் அன்றாடம் செய்யும் வேலையில் பெரும்பங்கு என்னுடைய தொழில். ஊசி போடுவது மருத்துவம். 'இனி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்' என்று ஒருவரைப் பழக்கிவிடுவது பாடம் நடத்துவது. இனிப்பு நீர் என்கிற நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா என்று நம் கிளினிக்குகளை நிறைத்திருக்கும் நோய்கள் எல்லாமே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியவை. நோயாளி மாதக்கணக்கில் தன் வீட்டில் இருக்கிறார். மிசியின், அதாவது தாதியின், முன்னால் உட்காருவது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் நடப்பதில் முக்கால்வாசி பாடம்தான்.

அந்தப் பாடத்தை நடத்த அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது? நாங்கள் பயிற்சி ஆசிரியர்களாக இருந்தபோது விரிவுரையாளர் பின் இருக்கையில் வந்து உட்கார்ந்தாலே கையில் சுண்ணக்கட்டி நடுங்கும். பாடம் முடிந்ததும் தோலை உரித்துவிடுவார். மிசிமாருக்கு ஊசி குத்தும் கை சரியாக இருக்கிறதா என்று பார்க்க மேலாள் உண்டு. பேசிப் புரியவைக்கும் வாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. மூத்தவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு அப்படியே சொல்கிறார்கள்.

நான் கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பிப்பது எப்படி என்று இவர்களுக்கு இன்னொரு கோர்ஸ் வைக்காதீர்கள். ஹோட்டல் மண்டபம், பவர்பாயிண்ட், பிற்பகல் தேநீர், சான்றிதழ் எல்லாம் போதும். தாங்கள் கற்பிக்கும் விதத்தைத் தாங்களே கூடி உட்கார்ந்து ஆராய அவர்களை விடுங்கள். அந்தக் கூட்டத்தில் நோயாளிக்கும் ஓர் இடம் கொடுங்கள்; முடிந்தால் பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கும். அதை வேலை நேரத்தில் செய்யவிடுங்கள்.

ஏன் என்பதற்கு என் அண்ணியின் கதை ஒன்று போதும். அவர் இருப்பது வேறு மாநிலம். ஊர் பேரும் கிளினிக் பேரும் இங்கே வேண்டாம், ஏனென்றால் அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. அண்ணி இன்னமும் பால்மரம் வெட்டுகிறார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறார், ஒரு துண்டு நிலத்தில், கூலிக்கு. மாத்திரை போதாது என்று அவருக்கு இன்சுலின் எழுதினார்கள். கூடப் போன நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சின்ன வயது மலாய் மிசி, நல்ல சுபாவம். இன்சுலின் பேனாவை எடுத்தார். ஊசியை மாட்டு, கலங்கலாக இருக்கும் மருந்தை உள்ளங்கையில் வைத்து உருட்டு, இரண்டு யூனிட் திருப்பி ஒரு சொட்டு வெளியே விடு, பிறகு அளவு வை, தொப்புளிலிருந்து தள்ளிக் குத்து, பத்து எண்ணு, எடு. காலைப் பசியாறலுக்கு அரை மணி முன்னால், இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். கோவையாகச் சொன்னார், ஒன்றும் விடவில்லை. கடைசியில் "பஹாம், ஆண்ட்டி?" என்றார், புரிந்ததா என்று மலாயில். "பஹாம், மிசி" என்றார் அண்ணி. புத்தகத்தில் ஒரு கோடு விழுந்தது: கற்பிக்கப்பட்டது.

முப்பது பிள்ளைகளைப் பார்த்து 'புரிந்ததா?' என்று கேட்டால் முப்பது பேரும் 'புரிந்தது, ஆசிரியர்!' என்று கத்துவார்கள். அந்தக் கேள்விக்கு வகுப்பில் வேறு பதிலே கிடையாது. முதல் வருட ஆசிரியருக்குக்கூட இது தெரியும்.

அண்ணி நாலரைக்கு எழுகிறவர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் மரத்தடியில் இருப்பார். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும். கிளம்பும்போது பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ, அவ்வளவுதான். வெட்டி முடித்து, பால் எடுத்து, கொண்டுபோய் ஊற்றிவிட்டு அவர் பசியாற மணி பத்தாகும். 'காலையில் போடு' என்பது மட்டும் மனதில் நின்றது, எழுந்ததும் போட்டுக்கொண்டு போனார். ஏழு மணி வாக்கில் நாலாவது வரிசை மரங்களுக்கு நடுவே உடம்பு வேர்த்துக் கை உதறி உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர் வாயில் மிட்டாயைப் போட்டார். இரண்டு முறை இப்படி நடந்ததும், வெட்டுக்குப் போகிற நாளில் ஊசியே வேண்டாம் என்று அண்ணி தானே முடிவெடுத்துக்கொண்டார். கிளினிக்கில் சொல்லவில்லை, சொன்னால் மிசி ஏசுவார் என்ற பயம். அடுத்த தவணை, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ஏறியிருந்தது. அளவு போதவில்லை என்று டாக்டர் யூனிட்டைக் கூட்டினார். கூட்டிய அளவைப் போடாமல் விடுவது இன்னும் சுலபமாகிவிட்டது!

இதில் எனக்கு உறைத்தது வேறொன்று. அதே கிளினிக்கில் நோன்பு மாதம் வந்தால் முஸ்லிம் நோயாளிகளுக்கு இன்சுலின் நேரத்தையும் அளவையும் எவ்வளவு அழகாக மாற்றிக் கொடுக்கிறார்கள்! விடியுமுன் உண்ணும் சஹூருக்கு எவ்வளவு, நோன்பு திறக்கும்போது எவ்வளவு, சர்க்கரை எந்த எண்ணுக்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்றெல்லாம் உட்காரவைத்துச் சொல்கிறார்கள். ஆக, சாப்பிடும் நேரத்துக்கு மருந்தைப் பொருத்தும் அறிவு அங்கே இல்லாமல் இல்லை. பால்வெட்டுக்காரருக்கு வருஷம் முழுக்கக் காலை பத்து வரை நோன்புதான். அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசியில் கேட்டது மருந்து கவுன்டரில் இருந்த ஒரு மருந்தாளர் பெண். "ஆண்ட்டி, காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றார். அண்ணி சொன்னார். பாதியிலேயே அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டாக்டர் அறைக்குப் போய்விட்டார். மருந்தும் நேரமும் மாறின, அண்ணி இப்போது சுகமாக இருக்கிறார். ஆனால் சில மாதத்தில் அந்த மருந்தாளருக்கு மாற்றல் வந்தது. அந்த ஒற்றைக் கேள்வியும் அவரோடு போய்விட்டது. புதிதாக வந்தவர் பேனா, ஊசி, இரண்டு யூனிட், பத்து எண்ணு என்று முதலிலிருந்து தொடங்கினார். அவ்வளவு நல்ல பாடத்தை ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். அதைப் பிடித்து வைக்க அங்கே ஒரு ஏற்பாடும் இல்லை. என் மனத்தாங்கல் அதுதான்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். இதே ஆய்வுதான் மூன்றில் ஒருவருக்குச் சுகாதார அறிவு குறைவு என்றும் சொன்னது. அந்தக் கணக்கைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் தேறவில்லை என்றால் தலைமையாசிரியர் முதலில் என்னைத்தான் அறைக்குக் கூப்பிடுவார். இங்கே நோயாளிக்கு மதிப்பெண் போட்டுவிட்டார்கள், கற்பித்தவருக்குத் தாளே கிடையாது.

2003இல் அமெரிக்காவில் டீன் ஷில்லிங்கர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் டாக்டரும் நீரிழிவு நோயாளியும் பேசிக்கொள்வதை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். புதிதாகச் சொல்லப்பட்ட விஷயங்களில் 12 விழுக்காட்டில் மட்டுமே, நோயாளி அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று டாக்டர் சோதித்துப் பார்த்திருந்தார். அப்படிச் சோதித்த டாக்டர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு மேலாக இருந்தது. 'நான் சொன்னதை நீங்கள் வீட்டில் எப்படிச் செய்வீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்' என்று கேட்பதற்கு அரை நிமிடம் பிடிக்குமா? அந்த அரை நிமிடம் ஏன் ஒதுக்கப்படுவதில்லை என்பதைக் கோலாலம்பூரில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அந்தந்தக் கிளினிக்கில் இருப்பவர்கள் தங்கள் பேச்சைத் தாங்களே திரும்பக் கேட்டால் தெரியும்.

இதற்கு வழி பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஜப்பானிய ஆசிரியர்கள் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவரும் பாட ஆய்வு முறை, 2011 வாக்கில் நம் கல்வி அமைச்சு வழியாக மலேசியப் பள்ளிகளுக்கும் வந்தது. நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவோம். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் ஆளுக்கொரு மூலையில் நின்று பார்ப்போம். நடத்துகிறவரைப் பார்க்கக் கூடாது, பிள்ளையைப் பார்க்க வேண்டும். கடன் வாங்கிக் கழிக்கும் பாடம் ஒன்றில் நான் மூன்றாவது வரிசைப் பையன் ஒருவனின் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை அருமையாக நடத்திக்கொண்டிருந்தார். பையனோ மேலே சின்ன எண், கீழே பெரிய எண் வரும் இடத்திலெல்லாம் தலைகீழாகக் கழித்துவிட்டு நிம்மதியாகப் பென்சிலைக் கடித்தான். நடத்தினவருக்கு அது தெரிய வழியே இல்லை. பிறகு உட்கார்ந்து பேசினோம். பேச்சு பாடத்தைப் பற்றி, ஆளைப் பற்றி இல்லை. திருத்தினோம், வேறொரு வகுப்பில் இன்னொருவர் நடத்தினார். முதலில் எல்லோருக்கும் எரிச்சல்தான், இன்னொரு பாரம் நிரப்பும் வேலை என்று. சில பள்ளிகளில் அப்படியேதான் முடிந்தது: நாலு படம், ஒரு பக்க அறிக்கை, கோப்பு, அலமாரி. நீங்கள் எடுத்துச் செய்தால் அந்தக் கதி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் 'ஆராய்ச்சி' எங்கே என்று பேராசிரியர்கள் கேட்கலாம். உளவியலாளர் கர்ட் லெவின் செய்தது ஆராய்ச்சிதானே? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்க இல்லத்தரசிகளைப் பழக்க வேண்டியிருந்தது. ஒரு பகுதியினருக்குச் சத்துணவுச் சொற்பொழிவு வைத்தார்கள். இன்னொரு பகுதியினரை வட்டமாக உட்காரவைத்து, வீட்டில் என்ன சிக்கல் வரும், கணவர் என்ன சொல்வார், வாடையை எப்படிப் போக்குவது என்று தாங்களே பேசி முடிவெடுக்கவிட்டார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 விழுக்காட்டினர்தான் பிறகு அதுவரை சமைக்காத ஒன்றைச் சமைத்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 விழுக்காட்டினர். இதே லெவின்தான் 1946இல், ஒரு சிக்கலை அதற்குள் இருப்பவர்களோடு சேர்ந்து செய்துபார்த்து, அளந்து, திருத்தி மறுபடி செய்யும் வழிக்குச் செயலாய்வு என்ற பெயரைப் பரப்பினார். மருத்துவர்கள் கல்வியியல் பேராசிரியர்களோடு உட்கார்ந்து தாங்கள் கற்பிப்பதை ஆராய்வதும் புதிது இல்லை. 1950களில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் அதைச் செய்து காட்டினார். மருத்துவக் கல்வி என்று இன்று ஒரு தனித்துறை நிற்பதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

நம் மண்ணிலும் முன்மாதிரி உண்டு. 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, மலேரியாவை இறக்கினார். கரையோரத் தோட்டங்களில் அது பலித்தது. அதே பாடத்தை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது. கரையோரக் கொசு நிழல் தேடுவது. மலையோடையில் வளரும் கொசுவோ வெயில் விழும் நீரைத் தேடுவது. காட்டை வெட்டியது அதற்கு விருந்தாகிவிட்டது. தோட்டம் தோட்டமாகப் பார்த்த பிறகுதான் இது பிடிபட்டது. அங்கே செத்தவர்களில் நம் பாட்டன்மார் எத்தனையோ பேர்.

தோட்டத்து மருத்துவ உதவியாளர்களான டிரசர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது. சிலர் எரிந்து விழுவார்கள், சிலருக்கு எல்லா நோய்க்கும் ஒரே கலவைத் தண்ணீர். ஆனாலும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்ததால், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு எத்தனை மணிக்கு, யார் எப்போது சாப்பிடுவார், எந்த வீட்டில் சம்பள நாள் ராத்திரி என்ன நடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இன்றைய மிசிக்கு டிரசரைவிடப் படிப்பு அதிகம், இந்த அறிவு மட்டும் இல்லை. அவர் தாமானில், தள்ளியிருக்கும் குடியிருப்புப் பகுதியில், இருக்கிறார், மூன்று வருடத்தில் மாற்றல். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த அறிவை அவருக்குக் கொண்டுவந்து கொடுக்க வேறு வழி செய்ய வேண்டியது உங்கள் பொறுப்பு.

நான் நினைக்கும் வழி பெரிய செலவு வைக்காது. ஒரு கிளினிக், ஒரு தாதி, ஒரு மருத்துவ உதவியாளர், ஒரு மருந்தாளர், வந்தால் ஒரு இளம் மருத்துவர். நோயாளிகள் இருவர், அவர்களில் ஒருவராவது விடியற்காலை வேலைக்குப் போகிறவராக இருக்கட்டும். ஓர் ஆசிரியர். எடுத்துக்கொள்வது ஒரே பாடம்: முதல் முறை இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பது. நோயாளியின் சம்மதத்தோடு பதிவு செய்து, கூடி உட்கார்ந்து கேளுங்கள். மிசி எத்தனை நிமிடம் பேசுகிறார், நோயாளி எத்தனை வார்த்தை பேசுகிறார் என்று மட்டும் முதலில் எண்ணுங்கள். அதுவே போதும், அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு நோயாளி தன் வீட்டைச் சொல்லட்டும். திறக்காத இன்சுலினை ஐஸ் பெட்டியில் வை என்றால் ஐஸ் கட்டும் தட்டில் வைத்துவிட்ட கதை வரும். பாவிக்கும் பேனாவை மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் போட்டு வெயிலில் நிறுத்திய கதை வரும். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே கட்டியாகிப்போன கதை வரும். இவை ஒவ்வொன்றும் பாடத்தில் ஒரு வரியை மாற்றும். மாற்றிய பாடத்தை வேறொரு தாதி நடத்தட்டும், மற்றவர்கள் நோயாளியின் கையைப் பார்க்கட்டும். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி என்ன, தாழ்சர்க்கரை எத்தனை முறை வந்தது என்று பாருங்கள். எழுதிவையுங்கள். அடுத்து வருகிறவர் அந்தத் தாளிலிருந்து தொடங்கட்டும்.

மொழிச் சிக்கல் எழும். தமிழ் தெரிந்த தாதி இல்லாத இடத்தில், கூட்டிக்கொண்டிருக்கும் துப்புரவுப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு 'சொல்லு அவரிடம்' என்கிறார்கள். அந்த அம்மாவும் தனக்குத் தெரிந்ததைச் சேர்த்து, தெரியாததை விட்டுச் சொல்கிறார். அவரும் அந்தக் கிளினிக்கின் ஆசிரியர்தான், சம்பளம் மட்டும் துடைப்பத்துக்கு. அவரையும் அந்த வட்டத்தில் உட்காரவையுங்கள்.

இரண்டு கண்டிஷன் மட்டும். சுகாதார அமைச்சின் இடங்களில் ஆய்வு செய்ய முறையான பதிவும் நெறிக்குழு அனுமதியும் வேண்டும்; வேண்டியதுதான், நோயாளியைக் காப்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் ஒரு கிராமக் கிளினிக் தாதி அந்தப் படிவங்களைத் தனியாக நிரப்பிக் கரையேற முடியாது. அதைப் பல்கலைக்கழகம் சுமக்கட்டும். இரண்டாவது, கேள்வித்தாளோடு வந்து, ஐந்து பெட்டியில் ஒன்றில் கோடு போடச் சொல்லி, ஒரு தோள்பையும் மைலோ பாக்கெட்டும் கொடுத்துவிட்டுப் போகிற வேலை வேண்டாம். எங்கள் தாமானுக்கும் அப்படி வந்தார்கள். பட்டமும் வாங்கியிருப்பார்கள், என்ன கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல ஒருவரும் திரும்பி வரவில்லை. சேர்ந்து செய்கிற ஆய்வு என்றால் முடிவும் எங்களோடு சேர்ந்து எழுதப்பட வேண்டும். அண்ணியைப் போன்றவரின் பெயர் கட்டுரையில் வர வேண்டுமா என்பது அவர் விருப்பம், கேட்கவாவது கேளுங்கள்.

தாதியருக்கு வருடாந்திரப் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்பயிற்சிப் புள்ளிகள் தேவைப்படுகின்றன. ஹோட்டலில் உட்கார்ந்து சொற்பொழிவு கேட்டால் புள்ளி கிடைக்கிறது. தன் பாடத்தைத் தானே கேட்டு வெட்கப்பட்டுத் திருத்தினாலும் அதே புள்ளி கிடைக்கச் செய்யுங்கள். இது உங்கள் கையெழுத்தில் ஆகிற காரியம்.

எங்கள் பக்கமே தொடங்கலாம். செமெலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2001இல் தொடங்கியது, மருத்துவமும் மருந்தியலும் அங்கே உண்டு. சுங்கை பட்டாணியில் ஆசிரியர் பயிற்சிக் கழகம் இருக்கிறது. நடுவில் ரப்பரும் செம்பனையும், அவற்றை நம்பியிருக்கும் ஆட்களும், அவர்கள் போகும் கிளினிக்குகளும். காரில் அரை மணிக்குள் எல்லாம் அடங்கும். மருத்துவ விரிவுரையாளரும் ஆசிரியர் பயிற்சி விரிவுரையாளரும் ஒரே கோப்பிக் கடையில்கூட உட்கார்ந்திருக்கக்கூடும், ஒருவரை ஒருவர் தெரியாமல். பாட ஆய்வு செய்து பழகிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்த வட்டாரத்தில் நாலைந்து பேரை நான் கூட்டிவருகிறேன், சம்பளம் வேண்டாம்.

கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, மிசிமாருக்கும் வீடு உண்டு. அந்த நாட்களில் வைக்காதீர்கள். வேலை நாளில், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வையுங்கள். அதற்குள் பால்வெட்டு முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு நோயாளிகளும் வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பீடோங், கெடா